காகிதக் கூழில் ஒரு கவச மீன் தலை: கண்காட்சிக்குச் செய்வது எப்படி

பள்ளி அறிவியல் கண்காட்சி என்றால் நம் பக்கம் எரிமலை, சொட்டுநீர்ப் பாசனம், காற்றாலை என்றே மேசைகள் நிறைந்துவிடும். எரிமலையில் ஆப்பசோடா நுரைத்து அடங்கியதும் கூட்டம் கலைந்துபோகும். அதே மேசையில் கயிற்றை இழுத்தால் வாயைப் பிளக்கும் இரண்டடி மீன் தலை ஒன்றை வைத்துப் பாருங்கள். நடுவரிலிருந்து சத்துணவு ஆயா வரைக்கும் ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் போக மாட்டார்கள்.

நாம் செய்யப்போவது டங்கிளியோஸ்டியஸ் என்ற மீனின் தலை. ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் காலம் என்கிறார்களே, அதன் கடைசிப் பகுதியில் கடலில் வாழ்ந்து அடியோடு அழிந்துபோன இனம். தலையையும் கழுத்தையும் எலும்புத் தகடுகள் மூடியிருந்தன. சில இடங்களில் அந்தத் தகடு இரண்டு அங்குல கனம் வரை வரும். இதற்குத் தேவையான வைக்கோல், மூங்கில் பிளாச்சு, பழைய பேப்பர் எல்லாம் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ சுலபமாகக் கிடைக்கும். காகிதக் கூழில் கை வைத்தவர்களும் இங்கே நிறையப் பேர் உண்டு. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை அந்தக் கூழில்தானே உருவாகிறது. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் நான்கைந்து பிள்ளைகளும், கத்தியும் சுத்தியலும் பிடிக்க ஒரு பெரியவரும் இருந்தால் போதும். வேலை மூன்று வாரம் பிடிக்கும். அதில் பாதி, காய்வதற்காகக் காத்திருப்பது.

எதைச் செய்கிறோம், எதை விட்டுவிடுகிறோம்

தொடங்குவதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். முழு மீனையும் செய்ய வேண்டாம். இடத்தையும் செலவையும் நினைத்து இதைச் சொல்லவில்லை. பாறையில் நமக்குக் கிடைத்திருப்பதே பெரும்பாலும் தலைக் கவசமும் அதை ஒட்டிய முன்னுடல் கவசமும்தான். அதற்குப் பின்னால் உடம்பு குருத்தெலும்பால் ஆனது. குருத்தெலும்பு மட்கிவிடும், கல்லாக மாறுவது அபூர்வம். படங்களில் பார்க்கிற வால், உறவுள்ள மற்ற மீன்களையும் சுறாக்களையும் வைத்து வரைந்த ஊகம். வாலை நாம் காகிதக் கூழில் செய்து வைத்தால், பார்க்கிற பிள்ளை அதையும் எலும்பைப் பார்த்துச் செய்தது என்று நம்பிவிடும். கல்லில் இருப்பதை உருவமாகச் செய்வோம், ஊகத்தைக் கோடாக வரைவோம். கடைசி வண்ணம் பூசும்வரை இந்தக் கணக்கை விடாதீர்கள்.

கண்டுபிடிப்புக் கதையை வேலை செய்யும்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போகலாம். 1867-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரைப் பாறைகளில் ஜே டெரல் என்பவர் இதன் எலும்புகளைக் கண்டெடுத்தார். நிலவியலாளர் ஜான் ஸ்ட்ராங் நியூபெரி 1873-இல் அதை விவரித்து எழுதி, டெரலின் பெயரையே இனப்பெயராக வைத்தார். அப்போது வேறொரு பேரினத்தில் சேர்த்திருந்தார்கள். கிளீவ்லாந்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த டேவிட் டங்கிளின் பெயரால் இன்றைய பேரினப் பெயரை 1956-இல் சூட்டியவர் பிரெஞ்சு அறிஞர் ழான் பியேர் லேமான். 1960-களில் கிளீவ்லாந்து பக்கம் நெடுஞ்சாலை போடக் கறுப்புக் களிப்பாறையைத் தோண்டியபோது மீன் புதைபடிவங்கள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தன. 2020-இல் ஒஹையோ இதை மாநிலப் புதைபடிவ மீனாக அறிவித்தது.

அளவு: பத்து மீட்டர் என்று எழுதிவிடாதீர்கள்

பழைய புத்தகங்களிலும் வலைப் படங்களிலும் இந்த மீனின் நீளம் ஆறு மீட்டர், எட்டு, பத்து என்று ஏறிக்கொண்டே போகும். உடம்பு கிடைக்காத மீனுக்கு எப்படி நீளம் சொன்னார்கள் என்று கேட்டால், தலையை அளந்து, மற்ற மீன்களின் விகிதத்தில் நீட்டினார்கள் என்பதுதான் பதில். எந்த மீனின் விகிதத்தை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். 2023-இல் ரஸ்ஸல் எங்கெல்மான் என்ற ஆய்வாளர் இதை மறுபடி கணக்குப் பார்த்தார். மூக்கை விட்டுவிட்டு, கண்ணின் முன்விளிம்பிலிருந்து செவுள் வரைக்குமான தலைப்பகுதியின் நீளம், பல வகை மீன்களில் மொத்த நீளத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. அந்த அளவை வைத்துப் பார்த்தால் வளர்ந்த டங்கிளியோஸ்டியஸ் ஏறக்குறைய 3.4 மீட்டர், மிகப் பெரியதே 4.1 மீட்டர் அளவில்தான் வருகிறது. நீளம் குறைந்தாலும் உடம்பு ஒல்லியாகிவிடவில்லை. கவசத்தின் உயரமும் அகலமும் அப்படியே இருக்கின்றன அல்லவா, அதனால் குட்டையும் தடியுமான மீன் ஒன்று நமக்குக் கிடைக்கிறது.

நம் மாதிரிக்கு 3.4 மீட்டர் மீனையே எடுத்துக்கொள்வோம், அதாவது சுமார் பதினோரு அடி. தலை இரண்டடி நீளம், ஒன்றே முக்கால் அடி அகலம், பின்பக்கம் ஒன்றரை அடி உயரம். அதற்குப் பின்னால் முன்னுடல் கவசத்துக்கு ஒன்றேகால் அடி. வகுப்பறைத் தரையில் சுண்ணக்கட்டியால் முழு மீனையும் பக்கவாட்டில் வரைந்து, உள்ளே கவசப் பகுதியை மட்டும் அடர்த்தியாகத் தீட்டச் சொல்லுங்கள். ஒரு பையனை அதன் பக்கத்தில் படுக்க வைத்தாலே அளவு எல்லோருக்கும் புரிந்துவிடும்.

கெளுத்தித் தலையைப் படியுங்கள்

புத்தகப் படத்தை மட்டும் பார்த்துச் செய்கிற தலை கடைசியில் சுறா பொம்மையாகத்தான் முடியும். மீன் கடைக்குப் போய் ஒரு பெரிய கெளுத்தித் தலை வாங்கி வாருங்கள். நாகப்பட்டினம், தரங்கம்பாடிப் பக்கம் என்றால் கடல் கெளுத்தியே கிடைக்கும், அதில் இன்னும் நன்றாகத் தெரியும். முதுகு முள்ளையும் பக்க முள்களையும் கடைக்காரரிடமே ஒடித்துத் தரச் சொல்லுங்கள். குத்தினால் நாள் முழுக்கக் கடுக்கும்.

தலையைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, பழைய பல்துலக்கியால் தோலைத் தேய்த்து எடுங்கள். உச்சியில் சொரசொரப்பான எலும்புக் கூரை ஒன்று வெளிப்படும். உற்றுப் பார்த்தால் அது ஒற்றை எலும்பு இல்லை என்பது தெரியும். பல தகடுகள் ஓரத்தோடு ஓரம் இணைந்து, இணைந்த இடத்தில் நெளிநெளியாக ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நம் மாதிரியில் தகடுகளுக்கு இடையே வரவேண்டியது அதே மாதிரியான கோடுதான். உயிரோடு இருக்கும்போது அந்த எலும்பின் மேல் தோல் மூடியிருந்தது என்பதையும் பிள்ளைகள் கவனிக்கட்டும், வண்ணம் பூசும்போது தேவைப்படும்.

கெளுத்தி இந்தக் கவச மீனின் வாரிசு என்று மட்டும் யாரும் எழுதிவிட வேண்டாம். இரண்டும் வேறு வேறு கிளையில் வந்தவை. டங்கிளியோஸ்டியஸ் சேர்ந்த பிளாக்கோடெர்ம் என்ற கவச மீன் கூட்டம் டெவோனியன் முடிவில், சுமார் 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பேரழிவோடு முடிந்துவிட்டது.

சாமானும் பருவமும்

பட்டியல் சின்னதுதான். பழைய செய்தித்தாள் மூன்று நான்கு கிலோ, மைதா அல்லது மரவள்ளிக் கிழங்கு மாவு ஒரு கிலோ, வெந்தயம் நூறு கிராம், சாக் பவுடர் ஒரு கிலோ, மூங்கில் பிளாச்சு பத்துப் பன்னிரண்டு, கட்டுக்கம்பி, சணல், ஒரு கட்டு வைக்கோல், பெட்டி அட்டை, ஃபெவிக்கால், உப்புத்தாள், சின்னத் தேங்காய்ச் சிரட்டை இரண்டு. அடிப்பலகை மூன்றடிக்கு இரண்டடி. கீலுக்குக் கால் அங்குல போல்ட் நான்கு, நட்டு, வாஷர். சைக்கிள் கடையில் பழைய ஸ்போக் கம்பி இரண்டு சும்மாவே கொடுப்பார்கள். ரீப்பர் துண்டுகள் எந்தத் தச்சுப் பட்டறை வாசலிலும் கிடக்கும்.

பருவம் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதைத் தொடங்கினால் கூழ் காயாமல் பூசணம் பூத்து நாறிவிடும். கண்காட்சித் தேதி அந்த மாதத்தில்தான் வருகிறது என்றால் ஆவணியிலேயே கூட்டைக் கட்டிக் கூழை முடித்துவிடுங்கள். தை அறுவடைக்குப் பிறகு செய்பவர்களுக்குக் கவலையே இல்லை, புது வைக்கோலும் கிடைக்கும், வெயிலும் கிடைக்கும்.

அட்டையில் ஒத்திகை

இந்த மீனின் சிறப்பே கழுத்துதான். தலைக் கவசத்துக்கும் முன்னுடல் கவசத்துக்கும் இடையில் இரண்டு பக்கமும் ஒரு மூட்டு உண்டு. கீழ்த்தாடை இறங்கும் அதே நேரத்தில் தலை மேலே தூக்கும். வாய் இரண்டு பக்கமாகவும் விரிவதால் திறப்பு பெரிதாகிறது. பிலிப் ஆண்டர்சனும் மார்க் வெஸ்ட்னீட்டும் 2007-இல் வெளியிட்ட கணக்கின்படி, வாய் முழுதாகத் திறக்க ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரமே ஆனது. அவ்வளவு சடுதியில் திறந்தால் தண்ணீர் உள்ளே பாயும், எதிரே இருக்கும் இரையும் கூடவே வரும். மூடும்போது தாடை நுனியில் 4,400 நியூட்டன், பின்பக்கம் 5,300 நியூட்டன் விசை. நுனியில் வந்ததை நம் கணக்கில் சொன்னால், 75 கிலோ நெல் மூட்டை ஆறின் பாரம் ஒரு புள்ளியில் இறங்குவது போல.

இந்த அசைவைத்தான் கம்பியாலும் போல்ட்டாலும் கொண்டுவரப் போகிறோம். நேராகப் பெரிய கூட்டில் முயற்சி செய்யாமல் முதலில் அட்டையில் பாதி அளவில் செய்யுங்கள். மூன்று துண்டு வெட்டிக்கொள்ளவும்: முன்னுடல், தலை, கீழ்த்தாடை. முன்னுடல் அட்டையைப் பலகையில் அசையாமல் ஆணி அடித்துவிடுங்கள். தலையின் பின்பக்க மேல் மூலையை அதனோடு ஒரு ஆணியால் கோருங்கள், இது கழுத்து மூட்டு. தலையின் பின்பக்கக் கீழ் மூலையில் தாடையின் பின்நுனியைக் கோருங்கள், இது தாடைக் கீல்.

இப்போது சூட்சுமம். தாடைக் கீலுக்கு நேர் கீழே ஒன்றரை அங்குலத்தில், தாடையோடு சேர்ந்தாற்போல் ஒரு காது வரும்படி வெட்டியிருக்க வேண்டும். அந்தக் காதிலிருந்து முன்னுடல் அட்டையின் கீழ்ப்பகுதிக்கு ஒரு கம்பியைப் படுக்கையாகக் கோருங்கள். இரண்டு முனையும் சுழல வேண்டும். தலையைத் தூக்குங்கள். தாடைக் கீல் முன்னோக்கி நகரும், ஆனால் காதைக் கம்பி பிடித்து வைத்திருக்கும். வேறு வழியில்லாமல் தாடை நுனி கீழே இறங்கும். தலையை இறக்கினால் கம்பி காதைத் தள்ளி வாயை மூடும். நூல் கட்டினால் திறக்கும், மூடாது. அதனால்தான் விறைப்பான ஸ்போக்.

காதின் நீளத்தைக் குறைத்தால் வாய் அதிகம் பிளக்கும், கூட்டினால் குறைவாகப் பிளக்கும். தலை பத்து டிகிரி உயரும்போது தாடை நாற்பது டிகிரி அளவில் இறங்கினால் பார்க்க நன்றாக இருக்கும். அட்டையில் திருப்தியான பிறகு அந்த ஓட்டைகளின் தூரத்தை இரட்டித்துப் பெரிய மாதிரிக்குக் குறித்துக்கொள்ளுங்கள். கணிதத்தில் ஆர்வமுள்ள பிள்ளை இருந்தால் கோணமானியோடு இந்த வேலையை முழுதாக ஒப்படைத்துவிடலாம். கண்காட்சியில் நடுவர் கேட்கிற கேள்விகளுக்கு அந்தப் பிள்ளைதான் பதில் சொல்லப்போகிறது.

கூடு கட்டுதல்

பிளாச்சுகளை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறப்போடுங்கள், வளைக்கும்போது முறியாது. முன்னுடலுக்கு மூன்று வளைவுகள் செய்து அடிப்பலகையில் நிறுத்தி, குறுக்கே பிளாச்சு வைத்துக் கட்டுக்கம்பியால் முறுக்குங்கள். தலைக்குத் தனியாக மூன்று வளைவு, பின்னது பெரிது, முன்னது சின்னது. மூக்கு மழுங்கலாக இருக்கட்டும், கூராக நீட்டினால் சுறா வந்துவிடும். போல்ட் வரும் நான்கு இடங்களிலும் ரீப்பர் துண்டை உள்ளே வைத்துக் கட்டி, அதில் ஓட்டை போடுங்கள். பிளாச்சில் நேராக ஓட்டை போட்டால் பிளந்துவிடும்.

தலைக்கும் முன்னுடலுக்கும் இடையில் மேல்பக்கம் ஒன்றரை அங்குலம் இடைவெளி விடுங்கள். தலை தூக்கும்போது இடிக்காமல் இருக்க அது வேண்டும். நிஜ மீனிலும் அந்த இடத்தில் கவசத்துக்கு நடுவே இடைவெளி இருந்தது, அதுவும் இதே காரணத்துக்காகத்தான். யாராவது "இங்கே ஏன் விட்டுவிட்டீர்கள்" என்று கேட்டால் சந்தோஷப்படுங்கள்.

கூட்டுக்குள் வைக்கோலைத் தளர்வாகத் திணித்து, மேலே சணலால் சுற்றுங்கள். கீல் பக்கமும் ஸ்போக் ஓடும் பாதையும் காலியாக இருக்க வேண்டும். தலையின் எடை மூன்று கிலோவைத் தாண்டினால் கயிறு இழுக்கும் பிள்ளைக்குக் கை வலிக்கும், ஆகவே காகிதம் ஒட்டிக் காய்ந்ததும் அடிப்பக்கமாக வைக்கோலைப் பாதிக்கு மேல் உருவிவிடலாம்.

பசையும் கூழும்

ஒரு டம்ளர் மாவை முதலில் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஐந்து டம்ளர் நீர் வரும்படி விளாவி, அடுப்பில் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். வெண்மை போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கலாம். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போடுகிற பழக்கம் உண்டு. பிள்ளைகள் கையால் அளைகிற வேலை என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை, துத்தம் விஷம். வெந்தயமும் சிறிது வேப்பெண்ணெயும் போதும். பெரியவர்களே செய்கிறீர்கள், துத்தம் போட்டே தீருவேன் என்றால் அலுமினியப் பாத்திரத்தில் போடாதீர்கள், அரித்து ஓட்டையாக்கிவிடும். சமையல் பாத்திரமும் கூடாது.

செய்தித்தாளை விரல் அகலப் பட்டைகளாகக் கையால் கிழியுங்கள். கத்தரித்தால் ஓரம் படியாது. பசையில் நனைத்து ஒரு அடுக்கு நெடுக்காக, அடுத்தது குறுக்காக, இப்படி ஆறு அடுக்கு. இரண்டு அடுக்குக்கு ஒருமுறை வெயிலில் காயவிடுங்கள். அவசரப்பட்டு ஆறையும் ஒரேயடியாக ஒட்டினால் உள்ளே ஈரம் நின்று உப்பிக்கொள்ளும்.

கூழுக்கு, ஒரு கிலோ தாளைத் துண்டுதுண்டாகக் கிழித்து இரவு முழுக்க ஊறவைத்து, அரைமணி நேரம் வேகவைத்து, உரலில் இடித்துக்கொள்ளுங்கள். வீட்டு கிரைண்டரைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம். துணியில் கட்டிப் பிழிந்து, ஊறவைத்து அரைத்த வெந்தயம், பசை, இரண்டு கை சாக் பவுடர் சேர்த்துப் பிசைந்தால் கையில் ஒட்டாத பதம் வரும். பழைய முறத்தையும் கூடையையும் மெழுக நம் பாட்டிமார் பிசைந்த அதே கலவைதான், அவர்கள் வீட்டில் இருந்தால் பதம் பார்க்கக் கூப்பிடுங்கள், சரியாகச் சொல்வார்கள்.

இந்தக் கூழைக் கால் அங்குல கனத்தில் தகடு தகடாகத் தலையில் அப்ப வேண்டும். முழுதாக மெழுகிவிட்டுப் பிறகு கோடு கீறினால் அது கோடாகவே தெரியும். ஒவ்வொரு தகடையும் தனியாக வைத்து, இடையில் நூலளவு பள்ளம் விட்டால் எலும்பு இணைந்த மாதிரியே அமையும். கெளுத்தித் தலையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூழை நிழலில் காயவைப்பது நல்லது. நேர் வெயிலில் மேல்பக்கம் முதலில் சுருங்கி வெடிக்கும். வெடித்தாலும் பாதகமில்லை, சாக் பவுடரை ஃபெவிக்காலில் குழைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போடலாம்.

கண் தலையின் முன்பகுதியில், பக்கவாட்டில் வரும். குழியில் சிரட்டையைக் கவிழ்த்துப் பொருத்தி, விழியைச் சுற்றி ஓர் எலும்பு வளையம் வையுங்கள். நிஜத்தில் அது நான்கு வளைந்த தகடுகள் சேர்ந்தது. இந்த வளையத்தை வைத்துவிட்டால், வந்து பார்க்கும் விலங்கியல் ஆசிரியர் ஒருவராவது புருவத்தை உயர்த்துவார்.

பல் இல்லாத வாய்

பிள்ளைகளை விட்டால் வாய் நிறைய முக்கோணப் பல் அடுக்கிவிடுவார்கள். இந்த மீனுக்கு அப்படிப் பல்வரிசை கிடையாது. மேலே முன்பக்கம் ஒரு ஜோடி எலும்பு அலகு, அதன் பின்னால் இன்னொரு ஜோடி, கீழே ஒரு நீண்ட ஜோடி, மொத்தம் ஆறு துண்டு. முன் அலகுகளில் கோரைப்பல் போன்ற கூர் இறங்கும், கீழ் அலகின் நுனியிலும் ஒரு கூர் எழும்பும். அதற்குப் பின்னால் நேரான வெட்டு விளிம்பு. வாய் மூடும்போது கீழ் அலகு மேல் அலகின் உள்பக்கமாக உரசிச் செல்லும். அந்த உரசலே விளிம்பைத் தீட்டிக்கொண்டிருந்தது.

பெட்டி அட்டையை ஆறு ஏழு மடிப்பு ஒட்டி, பாரம் வைத்து அழுத்திக் காயவைத்து, கூரான கத்தியால் அலகு வடிவத்தை வெட்டுங்கள். இது பெரியவர் கைவேலை. மேலே மெல்லிய கூழ் பூசி, காய்ந்ததும் நன்றாக வழவழப்பாகத் தேய்க்கவும். கீழ் ஜோடியை ஒரு ரீப்பர் துண்டால் குறுக்கே இணைத்துத் தாடைக்குள் பதியுங்கள். பொருத்திய பிறகு பத்துப் பதினைந்து தடவை வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். மேலும் கீழும் முட்டினால் கீழ்த் துண்டை உள்ளே நகர்த்த வேண்டும். இதைப் பசை இறுகுவதற்கு முன் செய்துவிட்டால் பிழைத்தீர்கள்.

கடைசியாகக் கயிறு. தலையின் உச்சியில் ஒரு கொக்கி, அதிலிருந்து கயிறு முன்னுடல் கவசத்தின் மேல் விளிம்பில் ஓர் ஓட்டை வழியாகப் பின்னால் இறங்கட்டும். இழுத்தால் தலை தூக்கி வாய் பிளக்கும், விட்டால் டப்பென்று மூடும். அந்தச் சத்தத்துக்கே கூட்டம் வரும். சின்னப் பிள்ளைகள் உள்ளே விரல் விடாதபடி முன்னால் ஒரு கயிறு கட்டித் தடுத்துவிடுங்கள்.

வண்ணம்

நிறம் கல்லில் தங்கவில்லை. நான் சொல்வது இதுதான்: இடப்பக்கத்தைப் புதைபடிவமாகப் பூசுங்கள். கறுப்பும் அடர்பழுப்பும் கலந்து, தகடு இணையும் பள்ளங்களில் மட்டும் இன்னும் கறுப்பு. வலப்பக்கத்தை உயிருள்ள மீனாகப் பூசுங்கள். அங்கே தோல் இருக்கும், ஆகவே தகடுக் கோடுகளைக் கூழால் லேசாக நிரப்பி மங்கலாக்கிவிடலாம். நடுக்கடலில் நீந்தும் மீன்களில் பலவற்றுக்கு முதுகு கருமை, வயிறு வெளுப்பு. அதையே வைத்துக்கொண்டால் தவறாகத் தோன்றாது. பளபளப்பு வார்னிஷ் வேண்டாம், விளக்கு வெளிச்சத்தில் கண் கூசும்.

பின்னால் சுவரில் ஒரு பழைய வேட்டியைக் கட்டி, கவசம் முடியும் இடத்திலிருந்து மீதி ஏழு எட்டு அடி உடம்பையும் வாலையும் புள்ளிக்கோட்டில் வரையுங்கள். இந்த மீனுக்குச் செதில் வரையத் தேவையில்லை.

மேசையில் நிற்பவர்களுக்கு

கேட்கிற கேள்விகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"இது டைனோசரா?" டைனோசர்கள் வந்தது சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதற்கு ஏறத்தாழ பதின்மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்த மீன் அழிந்துவிட்டது.

"நம் காவிரியில் இருந்ததா?" அப்போது காவிரியும் இல்லை, இந்த டெல்டாவும் இல்லை. நம் நிலம் கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் ஒரு மூலை. ஒஹையோ அந்தக் காலத்தில் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே கடலடியில் கிடந்தது.

"தோண்டினால் இங்கே கிடைக்குமா?" கிடைக்காது. நம் வயலும் வாய்க்காலும் இருப்பது ஆறு கொண்டுவந்து கொட்டிய இளம் வண்டலில். புதைபடிவம் பார்க்க ஆசை இருந்தால் கொள்ளிடத்தைத் தாண்டி அரியலூருக்குப் போங்கள். கிரெட்டேசியஸ் காலக் கடல் அங்கே பாறையாக வெளியே தெரிகிறது. சுருள் ஓட்டு அம்மோனைட்டுகள், சிப்பிகள், சுறாப் பற்கள் எல்லாம் கிடைத்த மண். அதே பாறை அடுக்குகள் டெல்டாவுக்கு அடியிலும் வெகு ஆழத்தில் தொடர்கின்றன. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லான மரமே கிடக்கிறது, 1940-இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. கவச மீன் அழிந்து இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்த பாறைகள் அவை என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குள் அனுமதி இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம்.

"இதையெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது?" இப்படிக் கேட்பவரிடம் அவருடைய தாடையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தாடை உள்ள மிகப் பழைய மீன்களில் இந்த பிளாக்கோடெர்ம்களும் உண்டு. சீனாவின் யுன்னானில் கிடைத்து 2013-இல் அறிவிக்கப்பட்ட எண்டெலோக்னாதஸ் என்ற கவச மீன் சுமார் 42 கோடி ஆண்டுப் பழையது. நம் தாடையில் உள்ளது போன்ற எலும்பு அமைப்பு அதன் வாயிலேயே இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் குட்டி போட்ட மீன்களும் இருந்தன. ஆஸ்திரேலியாவின் கோகோ பாறைகளில், வயிற்றில் கருவும் கொப்பூழ்க்கொடியும் கல்லாகி நின்ற தாய் மீன் ஒன்றை 2008-இல் அறிவித்தார்கள். சுமார் 38 கோடி ஆண்டுப் பழையது. இதைச் சொன்னதும் அம்மாக்கள் மேசையை விட்டு நகர மாட்டார்கள், பின்னால் நிற்கிறவர்களுக்கு வழிவிடச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

விவர அட்டையில் நிறைய எழுதாதீர்கள். பெயர், காலம், கிடைத்த இடம், 3.4 மீட்டர் என்ற அளவு, "இடப்பக்கம் புதைபடிவத்தில் உள்ளது, வலப்பக்கமும் புள்ளிக்கோடும் ஊகம்" என்ற ஒரு வரி. அவ்வளவுதான்.

கொண்டுபோவதும் வைப்பதும்

கழுத்து போல்ட் இரண்டையும், ஸ்போக்கின் முன்னுடல் பக்க முனையையும் கழற்றினால் தலை தனி, முன்னுடல் தனி. ஷேர் ஆட்டோவில் தாராளமாகப் போகும், டவுன் பஸ்ஸிலும் கூட்டம் இல்லாத நேரத்தில் ஏற்றலாம். கீழ்த்தாடையைச் சணலால் மேலோடு கட்டிவிடுங்கள், குலுங்கினால் அலகு முனை உடையும். நட்டு வாஷரைச் சின்ன டப்பாவில் போட்டு அடிப்பலகையில் ஒட்டி வையுங்கள், போகிற இடத்தில் ஹார்டுவேர்ஸ் கடை தேடி அலைய வேண்டாம்.

கண்காட்சி முடிந்ததும் தரையில் போடக் கூடாது. மாவுப் பசை இருக்கிறதே, எலி ஒரே இரவில் மூக்கைத் தின்றுவிடும், கரையானும் அடியிலிருந்து ஏறும். பரணிலோ உத்திரத்திலோ கயிறு கட்டித் தொங்கவிட்டு, உள்ளே நான்கு அந்துருண்டை போடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் வெயிலில் காட்டி, வெடிப்பு இருந்தால் சாக் பவுடரால் அடைத்துக்கொண்டால் அடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் இதே தலை உதவும்.